இடது பக்கத்து மீன்கள்

அம்மா தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டாள். சோற்றின் நடுவே யாரோ கோடு கிழித்ததுபோல இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பருக்கை மிஞ்சாது. அந்தப் பக்கம் சோறும் குழம்பும் மீன் துண்டும் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

"இன்னும் கொஞ்சம் போடு மாம்பி, பசிக்குது" என்பாள்.

"தட்டுலயே இருக்கேம்மா."

"எங்க இருக்கு? உடம்பு முடியாதவள கேலி பண்றியா?"

அப்பா கையை நீட்டித் தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பார். அம்மாவுக்குப் புதிதாகச் சோறு வந்துவிடும். "இத முன்னாலயே போட்டா என்ன?" என்று முனகிக்கொண்டே சாப்பிடுவாள்.

எங்கள் ஊரில் சரஸ்வதி பூஜை பிப்ரவரியில் வரும். அதற்கு மறுநாள் காலை அம்மா குழாயடியில் விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். இடது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சு கொஞ்சம் குழறினாலும் இருந்தது. பழைய நினைவெல்லாம் இருந்தது. என் பள்ளிக்கூடத்துத் தோழிகள் பெயர்கூட மறக்கவில்லை. உலகத்தின் இடது பாதி மட்டும் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

வாரத்துக்கு இரண்டு நாள் ரூப்சா தீதி உடற்பயிற்சி கொடுக்க வருவார். சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுவார். அப்பாவை எங்கள் ஊர் வழக்கப்படி காகு, அதாவது சித்தப்பா என்பார். அவர்தான் அப்பாவுக்குச் சொன்னார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு காகு. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்குன்னே மூளை ஒத்துக்க மாட்டேங்குது. இடப்பக்கமா அவங்களுக்குப் பிடிச்சது எதையாவது வைங்க. அசையிற மாதிரி, நிறமா. தலை திரும்பணும். மொத ஆறு மாசத்துல வர்றது கொஞ்சம் வேகமா வரும். அப்புறமும் வரும், மெதுவா."

அப்பாவுக்கு ஆறு மாதம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. காளி படம் போட்ட காலண்டரில் ஆகஸ்ட் மாதத்தைத் தேடி எடுத்து, முதல் சனிக்கிழமையைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். அன்றோடு கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். யார் சொல்லியும் அந்த நினைப்பை மாற்ற முடியவில்லை.

என் அப்பா அனுகூல் தாரா, சந்தையில் மீன் வெட்டுகிறவர். ஆட்கள் எங்காவது மீன் வாங்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். பெரிய அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து, கேட்டபடி துண்டு போட்டுக் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக அதே மூலை. ஆனால் அவருக்கு அங்கே மதிப்பு வெட்டுகிற கையால் வந்ததில்லை, கண்ணால் வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள்கூட மீன் வாங்குவதற்கு முன் அவரிடம் வந்து, "அனுகூல்தா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கூட்டிப்போவார்கள். கட்டைவிரல் நகத்தால் செவுளைத் தூக்குவார். ரத்தச் சிவப்பாக இருந்தால் ஒரு தலையாட்டல். வெளுத்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுவார். அவர் தலையாட்டிய மீனை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இடப்பக்கம் என்னென்னவோ வைத்துப் பார்த்தோம். ரேடியோ வைத்தோம். அம்மா கல்யாணப் புடவையைக் கொடியில் போட்டோம். நானே அந்தப் பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டேன். அம்மா வலது பக்கச் சுவரைப் பார்த்து, "மாம்பி, எங்கடி ஒளிஞ்சிருக்க?" என்றாள். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ரொம்ப நாள் நான் அந்தப் பக்கம் உட்காரவில்லை.

மார்ச் கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோதுதான் அது நடந்தது. காத்திருக்கும் கூடத்தில் நீளமாக ஒரு மீன் தொட்டி. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் வலது கோடியிலிருந்து நிதானமாக நீந்தியது. அம்மாவின் கண் அதன் பின்னாலேயே போனது. மீன் நடுவைத் தாண்டியது. கண்ணும் தாண்டியது. பிறகு கழுத்து திரும்பியது. இரண்டு மாதமாக நாங்கள் கையால் பிடித்துத் திருப்பியும் திரும்பாத கழுத்து.

அப்பா என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்தார். "பாத்தியா மா? பாத்தியா?"

அவர் என்னை மா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

தொட்டி சுலபமாகக் கிடைத்தது. அவரிடம் மீன் வெட்டிக்கொள்கிற ஒரு வீட்டின் மொட்டைமாடியில், உள்ளே போடும் கல்லும் பம்புமாகச் சும்மா கிடந்தது. இரண்டு அடி நீளம். அப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இருப்பதே தெரியாதபடி ஆக்கினார். அம்மா கட்டிலின் இடப்பக்கம் ஸ்டூல் போட்டு வைத்தோம். மீன் வாங்கக் காலிஃப் தெருதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே டிராம் பாதை ஓரமாகக் கிளி, புறா, நாய்க்குட்டி, ரோஜாச் செடி, மீன் எல்லாம் கூடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவுக்கும் வேலை அதிகம். வெட்டி முடித்துக் கை கழுவி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஏப்ரல் வெயில். பாலித்தீன் பைகளில் காலையிலிருந்து இருந்த மீன்கள் சோர்ந்து தொங்கின. அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்து அறைக்காரி மாஷி இருந்ததால் நானும் போயிருந்தேன்.

சுபல் என்று ஒருவர் நடைபாதையில் அலுமினியப் பானைகளைப் பரப்பி வைத்திருந்தார். முப்பது வயதிருக்கும். ஹௌரா பக்கம் தன் ஊரில் தானே மீன் வளர்த்துக் கொண்டுவருகிறவர். அப்பா குனிந்து ஒவ்வொரு பானையாகப் பார்த்தார். தடித்த, பெரிய தங்கமீன்கள் இருந்த பானையில் கையை விட்டு ஒன்றைப் பிடித்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கினார்.

"ஏய் ஏய், காகு! சமைக்கவா, வளக்கவா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது.

"வளக்கத்தான். மீன் தெரியும் எனக்கு."

"வாசனையிலயே தெரியுது. இதுக்கு முன்னால தொட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப தங்கமீன் வேணாம். பெருசு, நெறைய தின்னும், நெறைய கழியும், இந்த வெயில் வேற. தொட்டில தண்ணிய ஊத்தி பம்ப போட்டு ஒரு மாசம் சும்மா ஓட விடுங்க. அப்புறம் வாங்க, சின்னதா நாலு தர்றேன்."

"ஒரு மாசம் வெறும் தண்ணியவா என் பொண்டாட்டி பாத்துட்டு இருப்பா?"

சுபலுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவும் விளக்கவில்லை. சந்தையில் அவரிடம் கேட்டு மீன் வாங்குவார்கள், அவர் யாரிடமும் கேட்டதில்லை. இருப்பதிலேயே தடியான ஆறு தங்கமீன்களைக் காட்டினார்.

"என் மீனு, உங்க பாவம்" என்று சொல்லி சுபல் பையைக் கட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் எங்கள் வீட்டில் கல்யாணம் மாதிரி இருந்தது. அம்மா தொட்டியைப் பார்த்தாள். முழுவதும் இல்லை, அதன் வலது ஓரத்தை. ஆனால் பார்த்தாள்.

"எத்தனை மீன் இருக்கு சொல்லு?" அப்பா கேட்டார்.

"ரெண்டு."

ஆறு இருந்தன. வலது பக்கம் வந்ததை மட்டும் எண்ணியிருக்கிறாள். மறுநாளும் இரண்டு. மூன்றாம் நாள் சாயங்காலம், "மூணு" என்றாள். அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

தொட்டியை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சந்தையில் மீன் வாடாமல் இருக்கக் குவளை குவளையாகப் புதுத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பழைய தண்ணீர் நின்றால் மீன் கெட்டது. இதைத்தான் அப்பா இருபத்தாறு வருஷம் பார்த்தார். அதனால் தினமும் சாயங்காலம் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குத் தொட்டியை முழுக்கக் காலி செய்து, தேய்த்து, மருந்து வாசனை அடிக்கும் புதுத் தண்ணீரை நிறைத்தார். கல்லையும் பம்பையும்கூடச் சோப்பில்லாமல் அலசினார். அவர் கண்ணுக்கு எங்கேயும் ஒரு வழுவழுப்பு இருக்கக்கூடாது.

நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாரு, என்ன துடிப்பு!" என்றார் அப்பா. தகரத் தொட்டியில் விற்கும் உயிர் மீன்கள் அப்படித்தான் மேலே வந்து காற்றை விழுங்கும். அப்படி விழுங்குவதுதான் நல்ல மீன் என்று வாங்குகிறவர்களுக்கு அவரே காட்டுவார். அப்புறம் ஒரு மீன் திரும்பியபோது செவுளுக்குள் சிவப்பு தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி, குங்குமம் வைத்ததுபோல. அப்பா அம்மாவின் தலையைத் தொட்டுத் திருப்பி, "ஷெபாலி, செவுளப் பாரு. இப்படி ஒரு செவப்ப நான் சந்தையிலயே பாத்ததில்ல" என்றார்.

இரண்டு நாளில் ஆறும் போய்விட்டன.

அப்பா அடுத்த ஞாயிறும் போனார். மறுபடி தங்கமீன், மறுபடி அதே பானை. அந்தத் தடவை ஐந்து நாள். அதற்கு அடுத்த ஞாயிறு சுபலோடு சண்டைக்குப் போனார்.

"சீக்கு மீன வித்துட்ட."

"என்கிட்ட மூணு மாசம் உயிரோட இருந்துச்சு. உங்ககிட்ட அஞ்சு நாள். சீக்கு யாருக்கு?"

அப்பா வெறுங்கையோடு திரும்பிவிட்டார். வீட்டில் தொட்டி காலியாக நின்றது. அம்மா அந்தப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டாள். மீன் எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. மீன் செத்தது அவளுக்குத் துக்கமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு அங்கே தொட்டி என்று ஒன்று இருந்ததே இல்லாமல் போய்விட்டது.

மே மாதம் அப்பா தன் வழியில் யோசித்தார். சாகாத மீன் எது என்று சந்தையில் அவருக்குத் தெரியாதா? பனையேறிக் கெண்டை. தண்ணீரே இல்லாமல் கோணியில் கிடந்தாலும் அரை நாள் உயிரோடு இருக்கும். உடம்பு முடியாதவர்களுக்கு அதில்தான் மிளகு போட்டுத் தண்ணிக் குழம்பு வைப்போம். அம்மாவுக்கு அப்பா வாரத்தில் நாலு நாள் கொண்டுவருவதும் அதுதான். அதில் இரண்டைப் பொறுக்கித் தொட்டியில் விட்டார்.

அவை சேற்று நிறம். அசையாமல் அடியில் கிடந்தன. அம்மா திரும்பவே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்று தொட்டியிலிருந்து எகிறி இடப்பக்கத் தரையில் விழுந்து பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டது. அம்மா வலப்பக்கம் பார்த்து, "யாரு கை தட்டுறது?" என்றாள். மீன் முள்ளை ஊன்றி ஊன்றிக் கட்டிலுக்கு அடியில் புகுந்து வலப்பக்கம் வெளியே வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, இங்க பாருங்க! குழம்பு தானா நடந்து வருது!"

விழுந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாஷியும் வாசலில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா குனிந்து மீனைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் அதுவும் மற்றதும் குழம்பாகி வந்தன. அம்மா பாதி சாப்பிட்டாள்.

ஜூன் மாதத்தில் அப்பா சந்தையில் இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் நடக்காதது. காலண்டரில் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு முன்னால் இரண்டே தாள்கள் இருந்தன. ரூப்சா தீதி, "காகு, அந்தத் தேதில ஒண்ணும் முடிஞ்சு போயிடாது" என்று எத்தனையோ தடவை சொன்னார். அப்பா தலையாட்டுவார். தீதி போனதும் போய்த் தாளைப் புரட்டிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு மழை. வேலைக்குப் போகாமல் காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு காலிஃப் தெருவுக்குப் போனார். சுபல் பானைகளுக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க காகு! இன்னைக்கு எதைக் கொல்லணும்?" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் ஈரமான நடைபாதைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாகாத மீனு ஒண்ணு குடு தம்பி."

"அப்படி ஒண்ணு இன்னும் பொறக்கல காகு."

"ஆகஸ்டு மொத சனிக்கிழமை வரைக்கும் சாகாம இருந்தா போதும்."

சுபல் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தட்டு, கழுத்து, இரண்டு மீன், மூன்று மீன், சிவப்பு வட்டம். பக்கத்துக் கிளிக்கடைக்காரர்கூடக் கிளியை அதட்டிவிட்டுக் கேட்டார்.

"தண்ணி எப்ப மாத்துவீங்க?"

"தினம். முழுசா. ஒரு சொட்டு அழுக்கு விட்டதில்ல. மீனும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. செவுள் அப்படிச் செவப்பு, வெளியிலயே தெரியும்."

"செவுள் செவந்துச்சா? மேல வந்து வாயத் தொறந்துச்சா?"

"ஆமா. நல்லா துடிப்பா."

சுபல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ காகு. அது வெந்துபோன செவப்பு. குழாய்த் தண்ணில போடற மருந்து ஒரு பக்கம், அதுங்க கழிஞ்ச விஷம் ஒரு பக்கம். செவுளு புண்ணாயிடுச்சு. துடிப்பு இல்ல அது. மூச்சு முட்டி மேல வந்திருக்கு."

அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அப்ப அது மூச்சுக்குத் தவிச்சத நான் அவளுக்கு வேடிக்கை காட்டியிருக்கேன்" என்றார்.

சுபல் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "கட்டில்லேர்ந்து தொட்டி எத்தனை கை தூரம்? அவங்க படுத்துட்டுப் பாப்பாங்களா, சாஞ்சா?" நான் சொன்னேன். அவர் பானைகளைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

"ஜீப்ரா வேணாம், ரொம்ப வேகம், அவங்க கண்ணு பின்னாலயே போக முடியாது. ஃபைட்டர் ஒத்தையா மூலைல நின்னுடும். கப்பி சின்னது, அவ்ளோ தூரத்துக்கு வாலு மட்டும்தான் தெரியும். செவப்பு ப்ளாட்டி. நிதானமா போகும், நடுத் தண்ணில நிக்கும், புதுசா வளக்கறவங்களையும் பொறுத்துக்கும். அஞ்சு. எல்லாம் ஆணாவே தர்றேன், குட்டி போட்டா அவங்க எண்ணறது கொழம்பிடும்."

"தண்ணி ஒரு மாசம் ஓடணும்னியே. ஒரு மாசம் என்கிட்ட இல்ல தம்பி."

சுபல் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு டிரம்மில் அவருடைய சொந்தத் தண்ணீர் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒரு ஸ்பாஞ்சை உருவினார். சாக்கடையில் விழுந்து எடுத்ததுபோல இருந்தது. கத்தியால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தண்ணீரோடு பையில் கட்டினார்.

"ஒரு வருஷ அழுக்கு. இந்த அழுக்குலதான் அந்த விஷத்தத் தின்னுற உயிருங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இத உங்க பம்புல மாட்டிடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை கால் தொட்டி தண்ணிதான் மாத்தணும், அதுவும் ஒரு நாள் வாளில வெச்ச தண்ணி. இத மட்டும் குழாய்ல கழுவினீங்கன்னு வைங்க, அதுக்குப் பதிலா மீன நேரா எண்ணெய்ச் சட்டில போட்டுடுங்க. அதுக்கு வலி கம்மி."

அப்பா அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மழையில் அவர் நனைந்தார், பை நனையவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். தொட்டியின் இடது மூலையில் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சு உட்கார்ந்திருந்தது. மாஷி, "வீட்டுக்குள்ள எத கொண்டாந்து வெச்சிருக்கீங்க, நோயாளி இருக்கிற இடம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் வந்தால் அப்பாவின் கை தானாக வாளியைத் தேடும். எழுந்து நிற்பார். உட்காருவார். ஒருநாள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

ஒரு வாரம் ஆனது. ஐந்தும் இருந்தன. இரண்டு வாரம் ஆனது. ஐந்தும் இருந்தன.

தினமும் வேலைக்குப் போகுமுன், வந்த பின், "எத்தனை மீன் ஷெபாலி?"

"ரெண்டு."

"நல்லா பாரு."

"ரெண்டுதான். உங்களுக்கு எண்ணத் தெரியாட்டி நான் என்ன பண்றது?"

ஜூலை பாதியில் மூன்று ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. மூன்று, மூன்று, மூன்று. மீன்கள் செத்தபோது மீன்மேல் பழி போடலாம், தண்ணீர்மேல் போடலாம். இப்போது மீன்கள் கொழுகொழுவென்று நீந்தின. அம்மாவின் கண்தான் நடுவோடு நின்றது. அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார். சாப்பாட்டையும்.

ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, அப்பா தொட்டியை ஸ்டூலோடு சேர்த்து இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில், வலது பக்கமாக வைத்திருந்தார்.

"எத்தனை?"

"அஞ்சு" என்றாள் அம்மா, சட்டென்று.

"அஞ்சு! மா, கேட்டியா? அஞ்சுங்கறா!"

நான் தொட்டி முன்பு இருந்த இடத்தைப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பிறகு நாங்கள் இருவருமாகத் தொட்டியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தோம். தண்ணீர் தளும்பி அவர் சட்டை நனைந்தது. "எத்தனை?" என்று மறுபடி கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

வட்டம் போட்ட சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, இலிஷ் மீன் வந்து குவிகிற மழைக்காலம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருக்கவே முடியாது. அப்பா விடியும்போதே போய்விட்டார். நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுக் கடுகு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"மாம்பி."

"என்னம்மா?"

"அந்தக் கோடில ஒண்ணு படுத்துக் கெடக்கு. மீனுங்க படுத்துத் தூங்குமா?"

நான் தொட்டியின் வலது கோடியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எந்தக் கோடி?"

"அங்கடி." வலது கையை எடுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், இடப்பக்கம் நீட்டினாள். "அந்தக் கறுப்பு அசிங்கத்துக்குக் கீழ."

ஸ்பாஞ்சுக்குக் கீழே, கல்மேல், ஒரு ப்ளாட்டி பக்கவாட்டில் கிடந்தது. செத்திருந்தது. நான் காலையில் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அம்மா பார்த்திருக்கிறாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஆணியில் பிளாஸ்டிக் பையில் தொங்கும் போன் அது. அவர் கையில் மீன் இருந்தால் முன்னால் நிற்கிற யாராவது எடுப்பார்கள். ஒரு பெரியவர் எடுத்தார்.

"அனுகூல் கைல என் இலிஷ் இருக்கு. என்னம்மா அவசரம்?"

"ஒரு மீன் செத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

"இங்க இருக்கிற எல்லா மீனும் செத்துதாம்மா கெடக்கு!"

"இல்ல, அம்மா அதைப் பாத்தாள்னு சொல்லுங்க. இடது கோடில கெடந்தத அம்மாதான் மொதல்ல பாத்தா. அதை மட்டும் சொல்லுங்க."

அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு ஏதோ தடாலென்று விழுந்தது. "ஏய் அனுகூல், என் மீனு பாதியில நிக்குதுய்யா!" என்று அவர் கத்துவது கேட்டது.

அப்பா ஓடி வந்தார். செருப்பில்லை. முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. வாசலிலேயே கேட்டார்.

"எங்க இருக்கு ஷெபாலி? எங்க?"

"என்னத்த?"

"செத்த மீனு."

"அந்தா." மறுபடி கையை நீட்டினாள், இடப்பக்கம். "இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க? நீங்க பாக்காத செத்த மீனா?"

அப்பா கட்டிலின் அந்தப் பக்கம் தரையில் மண்டியிட்டார். "மீதி எத்தனை?"

அம்மா சலித்துக்கொண்டாள். கண் தொட்டிமேல் போனது. நடுவில் நின்றது. பிறகு, கனமான எதையோ தள்ளுவதுபோல, கண் மெதுவாக நகர்ந்தது.

"மூணு. இல்ல, நாலு. ஒண்ணு பின்னால ஒளிஞ்சிருக்கு."

அப்பா நெற்றியைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா பயந்துபோய் அவர் தலையைத் தட்டினாள். "சின்ன மீனுக்குப் போய் அழுவாங்களா? நாளைக்கு வேற வாங்கிட்டா போச்சு."

மத்தியானம் சோறு போட்டேன். தண்ணிக் குழம்பு, ஒரு துண்டு மீன். அப்பா கை கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தார். அம்மா வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். நடுவுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் அந்தத் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. நடுவைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போனது கை. அங்கே நின்றது.

"இன்னும் கொஞ்சம் போடு மாம்பி, பசிக்குது."

அப்பாவின் கை பழக்கத்தில் தட்டுக்குப் போனது. விளிம்பைத் தொட்டது. பிறகு திரும்பி வந்து அவர் மடியில் கிடந்தது.

"தேடு ஷெபாலி" என்றார். "அங்கதான் இருக்கு. தேடு."